யாரும் பிறக்காத நாடு

2022 மே 15, ஞாயித்துக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுட்டு கண்ணசர்ற நேரத்துல எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப் விடாம அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ரோம்ல தேவசகாயம் பிள்ளைக்கு, 1752ல திருவிதாங்கூர்ல கொல்லப்பட்ட எங்க ஊர்ப்பக்கத்து மனுஷருக்கு, புனிதர் பட்டம் குடுக்கிறாங்க, நேரலை ஓடுது. எங்க ஆச்சியோட தங்கச்சி வீட்டுப் பக்கம் மொத்தமும் கத்தோலிக்கம், அந்தப் பக்கத்து அக்கா ஒருத்தி நிமிஷத்துக்கு ஒரு வீடியோவா போட்டுத் தள்ளிக்கிட்டு இருந்தா. அவ சந்தோஷம் நியாயமானதுதான். நட்டாலத்துல பிறந்த ஒரு மனுஷனோட படம் புனித பேதுரு சதுக்கத்துல அவ்ளோ பெருசா தொங்குது, எங்க கன்யாகுமரி மாவட்டத்துக்காரங்க யாருக்கா இருந்தாலும் கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்யும். தமிழ்நாட்டு அரசு சார்புல ரெண்டு அமைச்சர்கள் போயிருந்தாங்க, அதுல ஒருத்தர் செஞ்சி மஸ்தான். கத்தோலிக்க விழாவுக்கு மதச்சார்பற்ற அரசோட பிரதிநிதியா ஒரு முஸ்லிம் அமைச்சர். இத எந்த வெளிநாட்டுக்காரருக்கு விளக்கணும்னாலும் ரெண்டு காபி ஆகும், நம்மாளுங்களுக்கு விளக்கமே தேவையில்ல.

சாயங்காலமா மாமாவோட மெசேஜ் வந்துச்சு. மாமான்னா அம்மாவோட கூடப்பிறந்தவர், நாகர்கோவில்ல ரிட்டயர் ஆகி இருக்கார், காலையில சுசீந்திரம் கோயில், மத்த நேரமெல்லாம் போன். எழுதியிருந்தார்: "அவியளுக்கு ஒரு நாடே உண்டும் மக்ளே. பாஸ்போர்ட்டு, தபால் தலை, பட்டாளம் எல்லாம் உண்டும். 100 கோடி பேர் இருக்கப்பட்ட நமக்கு என்ன உண்டும்? மதச்சார்பின்மைன்னு ஒரு வார்த்தை. அதையும் 1976லதான் கொண்டு வந்து சொருகினாவ." இந்த மாதிரி விஷயத்துக்கு நான் பதில் போடவே மாட்டேன். அன்னைக்கு ஏனோ போட்டுட்டேன். வாட்டிகன் மொத்தமே சுமார் 109 ஏக்கர்தான் மாமா, ஆயிரம் பேர் கூட இல்லாத ஊரு, அதையும் 140 கோடி பேர் இருக்கிற நாட்டையும் எப்படி ஒப்பிடுறதுன்னு. ரெண்டே நிமிஷத்துல பதில் வந்துச்சு. "சிறுசா இருந்தா தப்பில்லன்னு சொல்லுகியா? அப்போ நமக்கும் ஒரு 109 ஏக்கர் தரச் சொல்லு. போதும்."

கேலியாத்தான் கேட்டார், ஆனா எனக்கு பதில் வரல. அதுதான் உறுத்துச்சு. என் வாதம் மொத்தமும் சைஸ்ல நின்னுச்சு, அவர் அந்தக் காலையே தட்டி விட்டுட்டார். உண்மையிலேயே சின்னதா, யாரையும் தொந்தரவு பண்ணாம, ஒரு மதத்துக்குன்னு ஒரு நாடு இருந்தா என்ன தப்பு? வாட்டிகனால யாருக்கு என்ன கெடுதல்? ஒரு ஸ்மைலி போட்டு நழுவிட்டேன். நழுவினது அடுத்த ஒரு வருஷத்துக்கு மண்டைக்குள்ளயே இருந்துச்சு.

வெள்ளைக் கோடு

2023 செப்டம்பர்ல ஆபீஸ் வேலையா மிலான் போக வேண்டி வந்துச்சு, முடிச்சுட்டு ரெண்டு நாள் ரோம்ல தங்கினேன். வாட்டிகன் போறதுக்கு மெட்ரோவுல இறங்கி நடந்தாலே போதும், விசா கிடையாது, முத்திரை கிடையாது. இன்னொரு நாட்டுக்குள்ள போறோம்ங்கிறதுக்கு ஒரே அடையாளம், சதுக்கத்தோட வாசல்ல தரையில பதிச்ச ஒரு வெள்ளைக் கல்லு கோடு. எல்லா டூரிஸ்டும் பண்றதைத்தான் நானும் பண்ணினேன், ஒரு கால் இத்தாலியில ஒரு கால் வாட்டிகன்ல வெச்சு செல்ஃபி எடுத்தேன். மாமாவுக்கு அனுப்பலாம்னு நினைச்சு அனுப்பல.

அந்தக் கோட்டுல நின்னு யோசிச்சா ரொம்ப விநோதமா இருக்கும். இந்தப் பக்கம் இத்தாலி, 1970ல விவாகரத்துச் சட்டம் கொண்டு வந்து, அத ரத்து பண்ணனும்னு 1974ல வாக்கெடுப்பு வெச்சப்போ கத்தோலிக்க மக்களே பெரும்பான்மையா வேணாம் சட்டம் இருக்கட்டும்னு சொன்ன நாடு. ஒரு எட்டு எடுத்து வெச்சா விவாகரத்துங்கிற பேச்சுக்கே சட்டத்துல இடமில்லாத நாடு. இந்தப் பக்கம் தேர்தல், கட்சி, கூச்சல். அந்தப் பக்கம் போப்தான் ராஜா, சட்டம் போடுறது நிர்வாகம் நீதி மூணும் அவர் கையில, உலகத்துல மிச்சம் இருக்கிற முழு முடியாட்சிகள்ல ஒண்ணு, ஆனா ராஜாவை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற முடியாட்சி, ஓட்டுப் போடுறவங்க எல்லாம் 80 வயசுக்குக் கீழ இருக்கிற கர்தினால்கள். ஆனா உடனே நாம மார் தட்டிக்கவும் முடியாது. மரண தண்டனையை வாட்டிகன் 1969லயே சட்டத்துல இருந்து எடுத்துடுச்சு. நம்ம மதச்சார்பற்ற குடியரசு இன்னும் கயிறை மடிச்சு பத்திரமாத்தான் வெச்சிருக்கு.

இன்னொரு வேடிக்கை, அந்தச் சதுக்கம் வாட்டிகன் மண்ணுதான், ஆனா அங்க கூட்டத்தைப் பாத்துக்கிறது இத்தாலி போலீஸ். வாட்டிகனைத் தனி நாடா ஏத்துக்கிட்டு இத்தாலி போட்ட 1929 ஒப்பந்தத்துலயே அப்படி எழுதி வெச்சிருக்காங்க. 1981ல அதே சதுக்கத்துல போப் இரண்டாம் ஜான் பாலை சுட்டவனைப் பிடிச்சு விசாரிச்சு ஆயுள் தண்டனை குடுத்தது இத்தாலி கோர்ட்டு. அதாவது தன்னோட ராஜாவையே சுட்டவனை வெச்சுப் பாத்துக்க அந்த நாட்டுக்கிட்ட வசதியில்ல, பக்கத்து நாடு வந்து பண்ணிக் குடுக்கணும். தண்ணி இத்தாலியில இருந்து வருது, ரயில் தண்டவாளம் இத்தாலியில இருந்து வருது. இந்தியாவுக்கு அங்க தூதர் உண்டு, ஆனா ரோம்ல இத்தாலிக்குன்னு இருக்கிறவரையே வாட்டிகன் ஏத்துக்காது, அதனால வழக்கமா சுவிட்சர்லாந்துல பெர்ன்ல உக்காந்திருக்கிறவர்தான் இதையும் சேத்துப் பாக்குறார். மதச்சார்பற்ற ஒரு நாடு சுத்தி நின்னு தாங்கிக்கிட்டு இருக்கிறதாலதான் இந்த மத நாடு நிக்குது. இத வெச்சு மாமாவை மடக்கலாம்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. ஆனா அவர் என்ன சொல்வார்னும் தெரியும். "நம்மளையும் அப்படித் தாங்கட்டுமே."

தோள்

பேராலயத்துக்குள்ள போற வரிசையில முக்கால் மணி நேரம் நின்னேன். செப்டம்பர்னாலும் வெயில் நல்லாவே அடிச்சுது, நான் போட்டிருந்தது கையில்லாத ஒரு காட்டன் குர்தி. வாசல்ல கோட்டு சூட்டு போட்ட ஒரு ஆள் நிக்கிறார். என்னைப் பாத்தார், ஒண்ணும் பேசல, ரெண்டு விரலால தன்னோட தோளைத் தொட்டுக் காட்டினார், அப்புறம் தலையை லேசா ஆட்டினார். கோபம் கிடையாது, அவமரியாதை கிடையாது. தினமும் நூத்துக்கணக்கான பேருக்கு காட்டி காட்டிப் பழகிப்போன சைகை. தோளை மூடிட்டு வா.

திரும்பி நடந்தேன், சதுக்கத்தைத் தாண்டி, கோட்டைத் தாண்டி. இத்தாலிப் பக்கம் பங்களாதேஷ் பையன் ஒருத்தன் கை நிறைய சால்வை வெச்சிருந்தான், என்னோட குர்தியையும் முகத்தையும் பாத்த உடனேயே அவனுக்கு என் கதை புரிஞ்சுடுச்சு. "இந்தியாவா சிஸ்டர்? அஞ்சு யூரோ"ன்னான், இந்தியில. பேரம் பேசி மூணு யூரோவுக்கு நீலக்கலர்ல ஒண்ணு வாங்கினேன். வாட்டிகன் சட்டத்துக்குக் கட்டுப்பட இத்தாலிக்குப் போய் துணி வாங்கிட்டு மறுபடியும் வாட்டிகனுக்கு வர்றேன்னு நினைச்சு சிரிப்பு வந்துச்சு. சால்வையைத் தோள்ல போட்டுக்கிட்டு மறுபடி வரிசையில நிக்கும்போது, அந்த சிரிப்பு பாதியிலேயே நின்னுபோச்சு. ஆச்சி ஞாபகம் வந்துடுச்சு.

எங்க ஆச்சி 1925ல பிறந்தவ. பிறந்தப்போ கன்யாகுமரி தமிழ்நாட்டுல இல்ல, அன்னைக்கு அது திருவிதாங்கூர். ஆச்சிக்கு அவளோட ஆச்சி சொன்ன கதை ஒண்ணு உண்டு, எங்க வீட்டுல எல்லாரும் கேட்டு வளந்தது. அந்தப் பழைய ஆச்சியோட அம்மை, குப்பாயம் போட்டுக்கிட்டு சந்தைக்குப் போனாளாம். குப்பாயம்னா ரவிக்கை மாதிரி, தோளையும் மாரையும் மூடுற ஒரு சட்டை. சந்தையில நாலு பேர் மறிச்சு, போட்டிருந்ததைப் பிடிச்சுக் கிழிச்சாங்களாம். அவ கூடையில இருந்த கருப்பட்டியை எல்லாம் அங்கயே விட்டுட்டு, ஓலைப்பாயை உடம்புல சுத்திக்கிட்டு வீட்டுக்கு வந்தாளாம். ஆச்சி இந்தக் கதையைச் சொல்லும்போது எப்பவும் கருப்பட்டி போனதைத்தான் பெருசா சொல்லுவா. துணி கிழிஞ்சதை வேகமா சொல்லித் தாண்டிடுவா.

தோள்சீலைப் போராட்டம் பத்தி எங்க ஊர்க்காரங்களுக்கு நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. 1829ல ராணி போட்ட உத்தரவு, மேல்சாதிப் பெண்கள் போடுற மாதிரி நாடார் பெண்கள் மேல்சீலை போடக்கூடாதுன்னு. 1858, 59ல கலவரம். மதராஸ் கவர்னர் ட்ரெவிலியன் குடுத்த நெருக்கடிக்குப் பிறகு 1859 ஜூலை 26ல வந்த பிரகடனம், அதுவும் முழு மனசோட இல்ல, எப்படி வேணும்னாலும் மூடிக்கோ ஆனா மேல்சாதிக்காரங்க மாதிரி மட்டும் மூடாதே அப்படின்னு ஒரு வால் ஒட்டின அனுமதி.

நான் அந்த வரிசையில நின்னு யோசிச்சது இதுதான். என் முன்னோரோட தோளை மூடாதேன்னு ஒரு அரசாங்கம் சொல்லுச்சு. என் தோளை மூடுன்னு இன்னொரு அரசாங்கம் சொல்லுது. ரெண்டும் சாமி பேர்ல நடக்கிற அரசாங்கம். எனக்கு ஏன் கோபமே வரல? மூணு யூரோ போச்சேங்கிறதைத் தவிர எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அவளோட கதையைக் கேட்டா மட்டும் 160 வருஷம் கழிச்சும் ஏன் வயிறு எரியுது? மூடச் சொல்றது மரியாதை, அவுக்கச் சொல்றது அவமானம்னு ஈசியா சொல்லிடலாம். எனக்கு அது முழுசாப் படல. ஈரான்ல மூடுன்னு சொல்றதுக்கு எதிராத்தான் அதுக்கு முந்தின வருஷம் பெண்கள் தெருவுக்கு வந்தாங்க. மூடுறதா அவுக்கிறதாங்கிறது இல்ல விஷயம்.

வரிசை மெதுவா நகந்துச்சு. அந்த சூட்டுக்காரர் இந்தத் தடவை என்னை ஒழுங்காப் பாக்கக்கூட இல்ல, உள்ள விட்டுட்டார். உள்ள போய் மைக்கேலாஞ்சலோவோட அன்னை மரியாள் சிலையைப் பாத்துக்கிட்டே நிக்கிறேன், மடியில மகனோட உடம்பு, மனசு அதுல நிக்கவே இல்ல. எனக்கு ஏன் கோபம் வரலன்னா, எனக்குத் திரும்பிப் போக இடம் இருந்துச்சு. நான் அங்க விருந்தாளி. பிடிக்கலன்னா கோட்டைத் தாண்டி இத்தாலியில நின்னு ஐஸ்கிரீம் சாப்பிட்டிருப்பேன். என் பாட்டியோட பாட்டிக்கு அம்மைக்குத் தாண்டிப் போக கோடு எங்க இருந்துச்சு? அவ அந்த நாட்டுலதான் பிறந்தா.

எங்க மண்ணுல இருந்த வாட்டிகன்

நமக்குன்னு ஒரு நாடு இல்லன்னு மாமா சொல்றாரே, அவரே பிறந்தது அப்படி ஒரு நாட்டுலதான். இத நான் ஏன் முன்னாடியே யோசிக்கலன்னு எனக்கே வெக்கமா இருந்துச்சு. 1750ல திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா நாட்டை மொத்தமா பத்மநாப சுவாமிக்கு எழுதி வெச்சு, வாளை சன்னதியில வெச்சு எடுத்து, இனி நான் ராஜா இல்ல பத்மநாபனோட தாசன், அவர் சார்பா ஆளுறேன்னு சொன்னார். அதுக்குப் பிறகு வந்த எல்லா ராஜாவும் பத்மநாபதாசன்தான். போப் கிறிஸ்துவோட பிரதிநிதியா ஆளுறார், திருவிதாங்கூர் ராஜா பெருமாளோட தாசனா ஆளினார், ஏட்டுல பாத்தா வித்தியாசம் கம்மி. தக்கலை பக்கத்துல பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஸ்கூல்ல இருந்து எல்லாரும் டூர் போயிருப்போம், உப்பரிகை மாளிகையோட உச்சி மாடி ராஜாவுக்கு இல்ல, சாமிக்கு. (அந்த அரண்மனை இன்னைக்கும் தமிழ்நாட்டுக்குள்ள கேரள அரசு வெச்சிருக்கிற இடம், ரோமுக்குள்ள வாட்டிகன் மாதிரின்னு ஜோக்கா சொல்லிக்கலாம்.)

தேவசகாயம் பிள்ளை கொல்லப்பட்டது 1752ல, நாட்டை சாமிக்கு எழுதி வெச்சு ரெண்டே வருஷத்துல. அவர் 1745ல ஞானஸ்நானம் வாங்கினவர், அரண்மனை உத்தியோகஸ்தர். மாமாவும் அவர் பக்கத்து ஆளுங்களும் எப்பவும் சொல்றது, அவரைக் கொன்னது மதம் மாறினதுக்காக இல்ல, ராஜதுரோகத்துக்காகன்னு. அக்கா பக்கம் சொல்றது, விசுவாசத்துக்காகத்தான்னு. இந்த சண்டையை நான் பல கல்யாண வீட்டுல கேட்டிருக்கேன். ரோம்ல இருந்து பாக்கும்போது ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்றாங்களோன்னு தோணுச்சு. ராஜா சாமியோட வேலைக்காரன்னா, நாடு சாமியோட சொத்துன்னா, சாமியை மாத்துறதும் ராஜதுரோகமும் ரெண்டு வேற குத்தமா எப்படி இருக்க முடியும்? தனித்தனியா பிரிச்சுப் பாக்கிறதுக்கே ஒரு மதச்சார்பற்ற மூளை வேணும். அது நமக்கு இப்ப இருக்கு, 1752ல யாருக்கும் இல்ல.

சும்மா நம்மளை மட்டும் திட்டிக்கிட்டா அதுவும் ஒரு வியாதி. அடுத்த நாள் ஆத்தைத் தாண்டி நடந்தப்போ பழைய யூதர் குடியிருப்புக்கு வந்து சேந்தேன், இப்ப அங்க எல்லாம் ஹோட்டலும் கூட்டமும். போப்புகள் ரோம ராஜாவா இருந்த காலத்துல, 1555ல, யூதர்களை அந்தச் சந்துக்குள்ள அடைச்சு வெச்சு சுவர் எழுப்பினாங்க. ஏன்னா அன்னைக்கு வாட்டிகன் 109 ஏக்கர் இல்ல. இத்தாலியோட நடு வயித்துல ஆயிரம் வருஷத்துக்கு மேல இருந்த பெரிய ராஜ்யம், ஊர் உண்டு, சந்தை உண்டு, ஜெயில் உண்டு, தூக்கு மேடை உண்டு. 1858ல பொலோஞ்ஞா நகரத்துல எட்கார்டோ மொர்த்தாராங்கிற ஆறு வயசு யூதப் பையனை போப்போட போலீஸ் வீட்டுக்குள்ள வந்து அம்மா அப்பாகிட்ட இருந்து தூக்கிட்டுப் போச்சு. குழந்தையில சீக்கா கிடந்தப்போ வீட்டு வேலைக்காரப் பொண்ணு ரகசியமா ஞானஸ்நானம் குடுத்துட்டாளாம். ஞானஸ்நானம் ஆன பிள்ளை யூதர் வீட்டுல வளரக்கூடாது, அதுதான் அந்த நாட்டுச் சட்டம். அம்மா அழுது, ஐரோப்பா முழுக்க பத்திரிகைங்க கத்தி, ஒண்ணும் நடக்கல, பையனை வீட்டுக்கு அனுப்பவே இல்ல, அவன் வளந்து பாதிரியாராவே ஆனான். 1858. எங்க சந்தையில குப்பாயம் கிழிஞ்ச அதே காலம். ஒண்ணு ரோம், ஒண்ணு அனந்தபுரி (திருவனந்தபுரம்தான்), ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது, சாமியும் வேற. பண்ணின வேலை மட்டும் ஒண்ணு.

வேலை போனா நாடும் போச்சு

ராத்திரி ஹோட்டல்ல உக்காந்து வாட்டிகன் குடியுரிமை பத்திப் படிச்சேன். அங்க பிறந்து யாரும் குடிமகன் ஆக முடியாதுங்கிறது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. ரத்தத்தால வர்றதில்ல, மண்ணால வர்றதில்ல, பதவியால வர்றது. கர்தினாலா ரோம்ல இருந்தா குடியுரிமை, வாட்டிகனோட தூதரா இருந்தா குடியுரிமை, சுவிஸ் காவலரா இருந்தா பணியில இருக்கிற வரைக்கும் குடியுரிமை. வேலை முடிஞ்சா அதுவும் முடிஞ்சுது. வேற எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாம நிப்பாங்களேன்னா, அப்படிப்பட்டவங்களை இத்தாலி தன்னோட குடிமகனா ஏத்துக்கும்னு 1929 ஒப்பந்தத்துலயே ஏற்பாடு.

அந்த நிமிஷம்தான் ஒரு வருஷமா மண்டையில இருந்த முள்ளு வெளியில வந்துச்சு. வாட்டிகன் யாருக்கும் கெடுதல் பண்ணாம இருக்கிறதுக்குக் காரணம் அது சின்னதா இருக்கிறது இல்ல, மனசு திருந்தினதும் மட்டுமில்ல. அங்க யாரும் பிறக்கிறதில்ல. இருக்கிறவங்க கிட்டத்தட்ட எல்லாரும் யோசிச்சு, சம்மதிச்சு, பெரும்பாலும் சத்தியம் பண்ணிட்டு உள்ள வந்தவங்க. வேணாம்னா விட்டுட்டுப் போயிடலாம். அங்க நம்பிக்கையில்லாத வீட்டுல பிறந்த குழந்தை கிடையாது, வேற சாதி கிடையாது, வேற சாமி கும்பிடுற தெரு கிடையாது, எனக்கு விவாகரத்து வேணும்னு கோர்ட்டுக்கு வர்ற பொம்பள கிடையாது. அதனால யாரையும் மறிக்க வேண்டிய அவசியமும் கிடையாது. பிரஜைகள் இருந்த காலத்துல அதே போப்போட அதே நாடு ஆறு வயசுப் பையனைத் தூக்கிட்டுப் போச்சு. 1870 செப்டம்பர் 20ல இத்தாலிப் படை ரோம் சுவரை உடைச்சுக்கிட்டு வந்து பிரஜைகளையெல்லாம் பிடுங்கிக்கிட்டது. அடுத்த 59 வருஷம் போப்புகள் நான் வாட்டிகன் கைதின்னு சொல்லி முறைச்சுக்கிட்டு உள்ளேயே இருந்தாங்க. என்னைக் கேட்டா அந்தத் தோல்வி அவங்களுக்குக் கிடைச்ச பெரிய வரம். அதுக்குப் பிறகுதான் உலகம் அவங்களை மரியாதையாப் பாக்க ஆரம்பிச்சுது.

இந்தியா இதுக்கு நேர் எதிர். யாரையும் கேக்காம 140 கோடி பேர் இதுல பிறந்து கிடக்கோம். அதனாலதான் இங்க கோடு கிழிக்கவே முடியல, எல்லாம் கோயில் பிரகாரத்துல சிந்தின எண்ணெய் மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஊறிக் கிடக்கு. அரசமைப்புச் சட்டத்துல 290ஏன்னு ஒரு பிரிவு இருக்கு, 1956ல சேத்தது. கேரள அரசு வருஷா வருஷம் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் திருவிதாங்கூர் தேவஸ்வத்துக்கு, அதாவது கோயில் நிதிக்கு, குடுக்கணும், தமிழ்நாட்டு அரசு 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கன்யாகுமரி பக்கம் வந்து சேந்த கோயில்களுக்காகக் குடுக்கணும். மதச்சார்பற்ற நாட்டோட அரசமைப்புச் சட்டத்துல, ரூபாய்க் கணக்கோட, கோயிலுக்குப் பணம்! படிச்சப்போ எனக்கு ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. காரணம் என்னன்னா, 1811க்குப் பிறகு கர்னல் மன்றோ திவானா இருந்த காலத்துல கோயில் நிலங்களை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டது (குப்பாயம் போட்டுக்கலாம்னு கிறிஸ்தவப் பெண்களுக்கு முதல்ல உத்தரவு வாங்கிக் குடுத்ததும் இதே மன்றோதான்). எடுத்ததுக்குப் பதிலா வருஷாவருஷம் ஒரு தொகை, அந்தக் கடன் ராஜா கையில இருந்து குடியரசு கைக்கு வந்துச்சு. இத்தாலியும் இதையேதான் பண்ணுச்சு, 1929ல ராஜ்யத்தைப் பிடுங்கினதுக்கு நஷ்ட ஈடா போப்புக்கு 75 கோடி லிரா ரொக்கம், 100 கோடி லிராவுக்கு பத்திரம். சாமிக்கிட்ட இருந்து நாட்டை வாங்கினா எல்லா ஊர்லயும் ஒரு விலை குடுத்துத்தான் வாங்கணும் போல.

மாமா கேக்கிற சில கேள்விகள்ல நியாயம் இல்லாம இல்ல. கோயிலுக்கு மட்டும் அறநிலையத்துறை, சர்ச்சுக்கும் மசூதிக்கும் அது மாதிரி கிடையாது, ஏன்னு கேட்டா என்கிட்ட அரை பதில்தான் இருக்கு. ஜெருசலேம் போறவங்களுக்கும் அரசு மானியம், மானசரோவர் போறவங்களுக்கும் அரசு மானியம், யாருக்கும் குடுக்காம இருக்கிறதுக்குப் பதிலா எல்லாருக்கும் கொஞ்சம் குடுத்து சமாளிக்கிறதுதான் நம்ம ஊர் மதச்சார்பின்மை. நவராத்திரிக்கு பத்மநாபபுரத்துல இருந்து சாமி ஊர்வலம் கிளம்பும்போது ராஜாவோட உடைவாளை எடுத்துக் குடுக்கிறது அரசாங்கத்து ஆளுங்கதான், ரெண்டு மாநில போலீசும் மரியாதை செலுத்தும். ஃபிரான்ஸ்காரர் பாத்தா மயங்கி விழுந்துடுவார். எனக்கு இது அழகா இருக்கா அசிங்கமா இருக்கான்னு இன்னைக்கு வரைக்கும் தீர்மானமா சொல்லத் தெரியல, ஊர்வலம் மட்டும் பாக்க நல்லா இருக்கும்.

சுசீந்திரம் வாசல்

அந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். மறுநாள் காலையில மாமா மாமி கூட சுசீந்திரம். மாமிக்கு அந்த நீல சால்வையைக் குடுத்திருந்தேன், அதையே போத்திக்கிட்டு வந்திருந்தா. "வாட்டிகன் சால்வையாக்கும்"னு மாமா கிண்டல் பண்ணினார். இல்ல மாமா, இத்தாலி சால்வை, பங்களாதேஷ்காரன் வித்ததுன்னேன். தெப்பக்குளத்தைச் சுத்தி நடக்கும்போது பேச்சை எடுத்தேன். ஒங்க 109 ஏக்கருக்கு பதில் கிடைச்சுட்டு மாமா. தாராளமா எடுத்துக்கலாம். ஒரே ஒரு கண்டிஷன்தான், அங்க யாரும் பிறக்கக்கூடாது. வேலை இருக்கிறவன்தான் குடிமகன், ரிட்டயர் ஆனா வெளிய.

மாமா கொஞ்ச தூரம் ஒண்ணும் பேசாம வந்தார். அப்புறம் சொன்னார்: "அப்போ அது நாடில்லல்லோ மக்ளே. ஆபீஸாக்கும்."

ஒரு வருஷமா நான் சுத்தி சுத்தி வந்ததை அந்த மனுஷன் குளத்தங்கரையில ஒரே வாக்கியத்துல முடிச்சுட்டார். நான் ஜெயிச்சேனா தோத்தேனான்னு கூட தெரியல. "பின்ன இந்த ஆபீஸுக்கா ஐநா சபையில நாற்காலி போட்டுருக்கு?"ன்னு அடுத்த கேள்விக்குப் போயிட்டார். பார்வையாளர் நாற்காலிதான் மாமான்னேன். காதுல வாங்கல.

வாசல் வந்துச்சு. சுசீந்திரத்துல ஆம்பளைங்க சட்டையைக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும். மாமா சட்டையைக் கழட்டி, நாலா மடிச்சு, போனையும் சேத்து என் கையில குடுத்தார், குரூப்ல யாரோ என்னமோ அனுப்பிக்கிட்டே இருக்காங்க, கையில அதிருது. 1936 நவம்பர்ல எல்லா சாதிக்காரங்களும் கோயிலுக்குள்ள போகலாம்னு ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தப்போ ஆச்சிக்கு 11 வயசு. அதுக்கு முன்னாடி அவ சுசீந்திரம் கோபுரத்தைத் தூரத்துல இருந்துதான் பாத்திருக்கா. முதல் தடவை அவ அப்பா விரலைப் பிடிச்சுக்கிட்டு இதே வாசல்ல வந்து நின்னப்போ எந்தக் காலை முதல்ல வைக்கணும்னு தெரியாம ரொம்ப நேரம் நின்னாளாம், பின்னாடி வந்தவங்க எல்லாம் தாண்டித் தாண்டிப் போனாங்களாம். மாமாவோட வெறும் தோள்ல சட்டைத் தையல் அழுத்தின தடம் சிவப்பா இருந்துச்சு. முதுகைச் சொறிஞ்சுக்கிட்டே, மாமிகிட்ட அர்ச்சனைச் சீட்டு வாங்கியாச்சான்னு கேட்டுக்கிட்டே, கீழ பாக்காமலேயே படியைத் தாண்டி உள்ள போயிட்டார்.